காளிமுத்துவுக்கு நான் போட்ட அரைப் பேர்

போன மாதம் எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், மரியாதையான மனிதர். தோட்டங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளும், வெளியாளை இறக்கிவிட்டார்கள் என்று ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கின்றனவாம். இரண்டு பக்கத்துப் பெயர்ப் பட்டியலையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

"நாப்பது வருஷம் செக்ரோல் எழுதின கை ஐயா உங்க கை. உங்க காலத்துல எல்லாம் நேர்மையா நடந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா ஒருத்தரும் வாய் தெறக்க மாட்டாங்க" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். நேர்மையாக நடந்ததாம்! யார் சொன்னார்கள் இவர்களுக்கு? அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். சொல்லாமல் விட்டால் இந்தக் கோபம் என்னோடுதான் சுடுகாட்டுக்கு வரும். அதனால் எழுதுகிறேன்.

செக்ரோல் என்பது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்ததைக் குறிக்கிற பெரிய புத்தகம். முழு நாளும் வேலை செய்தால் முழுப் பேர் விழும். பாதியில் போனால் அரைப் பேர். தோட்டத்தை விட்டு ஆளை நிறுத்தினால் சிவப்பு மையில் கோடு இழுப்பார்கள். அதைப் பேர் வெட்டுவது என்று சொல்வோம். நான் கல்லுமலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பதுளையில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஆட்களை முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்த கிளாக்கர் ஒருவர் வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தேடியபோது எனக்கு அந்த வேலை கிடைத்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம் அது. பெருமாள் என்கிற என்னை அதன் பிறகு தோட்டமே சின்னக் கிளாக்கரய்யா என்று கூப்பிட்டது.

எனக்கு மேலே பெரிய கிளாக்கர் சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, காதுக்கு மேல் எப்போதும் ஒரு பென்சில். ஆனால் அழிக்கக்கூடிய அந்தப் பென்சிலால் செக்ரோலில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார், என்னையும் வைக்க விடமாட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். ஆள் "இருக்கேன்" என்று சொல்லி முகத்தைக் காட்டிய பிறகுதான் நான் கைப்புத்தகத்தில் குறிக்கலாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நானே மலைக்கு ஏறிப் போய், நிரை நிரையாக நடந்து, இன்னொரு தடவை ஆளைப் பார்க்க வேண்டும். மழை, அட்டை, சரிவு எதுவும் சாக்கு இல்லை. சாயங்காலம் ஒப்பீஸில் அவர் முன்னால் நின்று பெரிய புத்தகத்தில் மையால் ஏற்றுவேன். ஏற்றும்போது அவர் என் கையைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். கொஞ்சம் தயங்கினால் போதும்.

"உம்மட கண்ணால கண்டீரோ?"

"கங்காணி சொன்னாருங்க."

"கங்காணி கண்டா கங்காணி எழுதட்டும். காணாத ஆளுக்குப் பேர் போடுறேல்லை, தம்பி. திரும்பப் போய்ப் பாத்திட்டு வாரும்."

இரண்டு மைல் திரும்பவும் நடப்பேன். திட்டிக்கொண்டே நடப்பேன். ஆனாலும் அப்போது அவர்தான் எனக்குக் கடவுள். வயது இருபத்திரண்டு, வேறென்ன தெரியும்?

துரைமார் ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொண்டுவந்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குள் கால்பந்துப் போட்டி வைத்தார்கள். தோட்டத்து ஆள் மட்டும்தான் ஆடலாம். அதாவது, ஆட்டத்துக்கு முந்தின மூன்று மாதமும், அவனுக்கு மாதத்துக்கு இருபது முழுப் பேராவது செக்ரோலில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. போட்டி தொடங்கும்போது பெரிய கிளாக்கர் கையெழுத்தோடு ஒரு பட்டியல் போகும். இடையில் ஆளைச் சேர்த்தால் பேரை எழுதி அனுப்பினால் போதும். யாராவது ஆட்சேபம் சொன்னால்தான் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

எங்கள் அணியில் பத்துப் பேர் பெக்டரி ஆட்கள். வேலை முறைப்படி மாறுவதால் அவர்களுக்குப் பழகப் பொழுது கிடைக்கும். மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன் காளிமுத்து ஒருவன்தான். அவன்தான் கோல் போடுகிறவனும். நானும் அவனும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவர்கள். வெறுங்காலால் அவன் அடித்த பந்தை மறிக்கப் போன கோலி ஒருவர், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். பந்து கிடைத்தால்தான் வேறு ஆள்.

அந்த வருஷம் பிரஜாவுரிமைக்கு மனுப் போடுகிற பேச்சு லயமெல்லாம் நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். பிறப்புச் சாட்சிப்பத்திரமே இல்லாத எங்கள் ஆட்களுக்கு அதைக் காட்ட இருந்தது செக்ரோல் ஒன்றுதான். காளிமுத்துவும் மனுப் போட இருந்தான். "பேரு மட்டும் விடுபடாமப் பாத்துக்க பெருமாளு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தான்.

இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே மொட்டப்பாறைத் தோட்டம். கடைசி மாதம் எங்கள் துரை பெரட்டுக்கே வந்து, பகலுக்குப் பிறகு காளிமுத்து மலையில் நிற்க வேண்டாம், மைதானத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சிவஞானம் ஐயா துரையிடம் போய், அப்படியானால் முழுப் பேர் போடலாம் என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். துரை சிரித்துவிட்டுக் குதிரையில் ஏறிப் போய்விட்டார். எழுதித் தரவில்லை.

"அரைப் பேர் போடும்" என்றார் ஐயா.

"தொரைதானே அனுப்பினாருங்க?"

"மலையில கண்டீரோ?"

காணவில்லை. பதினொரு நாள் அவனுக்கு அரைப் பேர் போட்டேன், என் கையால். காளிமுத்துவிடம் சொன்னேன். "கோப்பையத் தூக்குன பொறகு பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பசறைக்குப் போனேன். கடைத்தெருவில் காசிம் நானா என்னைப் பார்த்ததும் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டார். எங்கள் அணிக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் கிடையாது. ஜெயித்தால் கடை வாசலில் பச்சைக் கொடி கட்டுகிறவர்.

"என்ன கிளாக்கர், மொட்டப்பாறையான் கொழும்புலேருந்து ஆளெறக்கி இருக்கானாமே? நேத்து பஸ்ஸால எறங்கினான். கையில பளபளன்னு பூட்ஸ். எங்கடையிலதான் சவுக்காரம் வாங்கினான். தோட்டத்துக்கு எந்த வழின்னு என்னையே கேக்குறான். மூணு மாசமா அங்க வேலை செய்யிறவனுக்கு வழி தெரியாதோ?"

அதற்குள் கொழுந்துக்காரப் பெண்களுக்கும் சேதி வந்துவிட்டது. அவர்களில் ஒருத்தியான பொன்னம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது மொட்டப்பாறையில். அந்த ஆளின் சொந்தப் பேர் என்னவோ, அங்கே அவனை ராமன் என்று எழுதியிருக்கிறார்களாம். பங்களா அவுட்ஹவுஸில் தங்க வைத்து, தினமும் முட்டையாம்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் ஒருவரும் மலைக்கு நகரவில்லை. "களவாணிப் பயலுக! கொழும்பான எறக்கித்தான் எங்க புள்ளைங்கள ஜெயிக்கணுமா?" என்று பொன்னம்மா கூடையைக் கீழே போட்டாள். ஆண்கள் சும்மா இருப்பார்களா? தப்புக்காரர் தப்பு மேளத்தை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டார். "எழுதுங்க கிளாக்கரய்யா! நீங்க எழுதுனா தொரைமாருக வெளங்கிக்குவாக!" எல்லாக் கண்ணும் என் மேல். எனக்கும் ரத்தம் கொதித்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருந்தது. லயத்தில் பிறந்தவன் எழுதுகிற கடிதத்துக்கு ஒரு கோப்பையே ஆடப்போகிறது என்று நினைத்தேன்.

ஆட்சேபக் கடிதத்தை எழுதி ஐயாவிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை வாசித்தார்.

"மற்றவன்ர புத்தகத்தைத் திற எண்டு கேட்டா, எங்கட புத்தகத்தையும் திறக்கத்தான் வேணும். யோசிச்சீரோ?"

"நம்ம புத்தகத்துல பொய் ஒண்ணும் இல்லையேங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அந்தப் பார்வையோடு மனதுக்குள் சண்டை போடுகிறேன். அவருக்குத் தெரிந்திருந்தால் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே! நானாவது எண்ணிப் பார்த்திருக்கலாமே! செக்ரோல் எழுதுகிறவன் நான். பொய் எழுதினால் அந்தப் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பின மடையனும் நான்தான்.

துரைமார் கிளப்பில் விசாரணை. மூன்று துரைமார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயாவும் நானும் மொட்டப்பாறைக் கிளாக்கரும் நின்றோம். எங்கள் செக்ரோலோடு கொண்டுபோன என் கைப்புத்தகத்தில் மழைக்கறை, மண், அட்டை கடித்த ரத்தம். அவர்களுடைய புத்தகம் கல்யாணப் பத்திரிகை மாதிரி சுத்தமாக இருந்தது. மூன்று மாதமும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியது. ராமன், முழுப் பேர். ராமன், முழுப் பேர். ஒரு நாள்கூடக் காய்ச்சல் தலையிடி இல்லாத ராமன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆளைக் கூப்பிட்டுக் கையைப் பாருங்க சார். மூணு மாசம் மம்பட்டி பிடிச்ச கையா இருந்தா காய்ச்சுப் போயிருக்கும்" என்றேன்.

நடுவில் இருந்த துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "கிளாக்கர், நாங்க பொஸ்தகம் பாக்க வந்தது. கை பாக்க வந்தது இல்ல."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு எங்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். காளிமுத்து, கடைசி மாதம்: பதின்மூன்று முழு, பதினொரு அரை. மொத்தம் பதினெட்டரை. இருபதுக்கு ஒன்றரைப் பேர் குறைவு. பொய் எழுதினவன் ஆள் ஆடலாம், உண்மை எழுதினவன் ஆள் ஆடக்கூடாது என்று தீர்ப்பு. அவனை மலையிலிருந்து அனுப்பிய எங்கள் துரையும் அங்கேதான் கிளாஸும் கையுமாக இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இறுதி ஆட்டம் பதுளையில். ஐந்தாறு தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் விடியவே புறப்பட்டு நடந்தே வந்தார்கள். காளிமுத்துவை நான் வர வேண்டாம் என்றேன். "வராம எப்படி? பெக்டரிப் பயலுகளுக்குத் தைரியம் சொல்லணும்ல" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லொறியிலயே இருக்கேன். எறங்கல" என்றான். சொன்னபடி தோட்டத்து லொறியின் பின்பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம்.

ராமன் என்கிறவன் முதல் கோலை அடித்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல ஆட்டக்காரன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கோல் விழுந்ததும் எங்கள் பக்கத்தில் ஒரு குரல் "காளிமுத்து!" என்று கத்தியது. அடுத்து பத்துக் குரல். அப்புறம் கூட்டம் முழுவதும். "காளிமுத்து! காளிமுத்து!" காசிம் நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து தொப்பி கழன்றது தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது கோல் விழுந்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். பொன்னம்மா பந்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, "இப்ப ஆடுங்கடா!" என்று நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள். பொலிஸ் வந்துதான் கூட்டம் கலைந்தது. கோப்பையை மொட்டப்பாறைக்குக் கொடுத்தார்கள்.

காளிமுத்து லொறியை விட்டு இறங்கவே இல்லை. அவன் பேரைக் கத்தக் கத்த, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் புரிந்திருந்தது. எங்களுக்குத்தான் புரியவில்லை.

மறுநாள் காலை துரை ஒப்பீஸுக்கு வந்தார். அவருக்குக் கூட்டத்தில் யாரையும் தெரியாது. அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு பேர்தான். "காளிமுத்து பேர் வெட்டு" என்றார்.

சிவஞானம் ஐயா எழுந்து, அவன் இறங்கவில்லை என்றும் தானே பக்கத்தில் இருந்ததாகவும் இங்கிலீஷில் சொன்னார். துரை இன்னொரு தடவையும் அதையே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐயா சிவப்பு மைக்கூட்டையும் அடிமட்டத்தையும் என் பக்கம் தள்ளினார்.

"கோட்டைப் போடும்."

"நீங்க போடுங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு! அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கோடு போட்டேன். அடிமட்டம் வைத்ததால் கோடு நேராகவே வந்தது.

அடுத்த நாளிலிருந்து அவன் அப்பா பேரில் இருந்த காம்பராவிலேயே அடைந்து கிடந்தான். வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் நான் அவனைப் பார்த்தேன். தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து பேசி, துரைக்கும் கோபம் ஆறி, அவன் பேர் திரும்பவும் ஏறியபோது பத்தொன்பது வேலை நாள் போய்விட்டது. நான் ஐயாவிடம் கெஞ்சினேன்.

"அந்தப் பத்தொன்பது நாளையும் நெரப்பிருவோமுங்க. அவன் இங்கதானே இருந்தான், நான் தெனம் பாத்தேன். நாளைக்கு மனு விசாரணையில கேப்பாங்க."

"வேலைக்கு வந்தவனோ?"

"வரலைங்க. நம்மதானே வரவிடல?"

அவர் பெரிய புத்தகத்தை மூடினார். பிறகு, "நான் கடிதம் ஒண்டு குடுக்கிறன். தோட்டத்திலதான் இருந்தவன் எண்டு. அது போதும்" என்றார். அவர் உண்மையாகவே அதை நம்பினார். நேர்மையானவன் எழுதின கடிதத்தை உலகம் நம்பும் என்று நம்பினார். அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். மன்னிக்கவில்லை. பெரிய புத்தகமும் பேனாவும் என் கையிலேயே இருந்தும் எழுதாமல் விட்ட என்னையும் மன்னிக்கவில்லை.

மனு விசாரணைக்கு வர நாலைந்து வருஷம் ஆயிற்று. பதுளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பழைய செக்ரோல் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் காளிமுத்துவும் பஸ்ஸில் போனோம். அவன் அந்தப் பேர் வெட்டுக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. என்னைப் பெருமாளு என்று கூப்பிடுவதையும் விட்டிருந்தான்.

அதிகாரி விரலால் தடவிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டில் நிறுத்தினார். இந்த நாட்களில் எங்கே இருந்தாய், இந்தியாவுக்குப் போனாயா என்று கேட்டார்.

"லயத்துலதாங்க இருந்தேன்."

ஐயாவின் கடிதத்தைக் கொடுத்தேன். நானும் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். "புத்தகத்தில் இல்லையே" என்றார். மனு தள்ளுபடி.

வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தோம். அடுத்து மொட்டப்பாறை ஆட்களின் முறை. அந்தக் கிளாக்கரும் அதே வருஷத்துக் கட்டோடு அங்கே இருந்தார். ஆட்களைக் கூப்பிட்டதும், கட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலில் மனுப் பத்திரங்களைக் கொடுக்க உள்ளே போனார். நான் திறந்தேன். திறக்காமல் இருக்க முடியவில்லை. ராமன் இருந்தான். ஆட்டம் முடிந்த மறுநாளே கொழும்பு பஸ் ஏறினவன், வருஷக் கடைசி வரைக்கும் அந்தப் புத்தகத்தில் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். அவன் பேரை வெட்ட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. காளிமுத்துவுக்குப் பேர் இல்லாத அந்தப் பத்தொன்பது நாளும் அவனுக்கு விழுந்திருந்தது.

காளிமுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கொழும்பான் பேரா அது?" என்றான்.

"ஆமா."

"நான் இல்லாத நாள்லயுமா?"

"எல்லா நாளும் இருக்கு."

"முழுப் பேரா, அரையா?"

"முழுப் பேர்."

அவன் புத்தகத்தை மெதுவாக மூடி, தூசியைத் தட்டி, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். "நீங்க நல்லா எழுதுனீங்க ஐயா" என்றான்.

செயலாளர் தம்பி, பட்டியலுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.